ஆங்கிலப் பிரதிப்பெயர்களுக்கு மட்டுமான ஒரு காணொளிப் பயிற்சி: முழுதாகப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

சேரலாமா வேண்டாமா என்று கேட்டால் சேரலாம் என்பேன், ஆனால் ஒரு பாடத்தை மட்டும் நம்பாதீர்கள், அது எது என்று கீழே சொல்கிறேன். தமிழில் விளக்கும் காணொளிகள், அச்செடுத்துக்கொள்ள ஒரு அட்டவணை, ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சிக் கேள்விகள், இவ்வளவுதான் மொத்தமும். ஆங்கில இலக்கணம் முழுவதையும் கற்றுத் தருகிறேன் என்று இறங்காமல் ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே, அப்புறம் ஹூ, விச் வகையறா, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கெல்லாம் தனியாக ஒரு பயிற்சியா, பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் பெயரடையும் பழைய வேற்றுமை விகுதிகளையும் பால் விகுதிகளையும் ஏறக்குறைய முழுதாக உதிர்த்துவிட்டன, இலக்கணம் இன்னும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் என்று பார்த்தால் பிரதிப்பெயர்தான். இடம், எண், பால், வேற்றுமை நான்கும் ஒரே சின்னச் சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. அதுவும் ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகிற சொல். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூட இடறுவது இங்கேதான், அதனால் தனிப் பயிற்சி தேவைதான்.

முதலில் பாராட்ட வேண்டியது வேற்றுமைப் பாடத்தை. பெரும்பாலான இடங்களில் ஐ, மீ, மை, மைன் என்று வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே ஆசிரியர் ஒரு கேள்வியோடு தொடங்குகிறார். 'நாய் பையனைக் கடித்தது', 'பையனை நாய் கடித்தது', இரண்டுக்கும் தமிழில் ஒரே பொருள், ஏனென்றால் 'ஐ' உருபு யார் கடிபட்டது என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'தி டாக் பிட் தி பாய்' என்பதில் நாயையும் பையனையும் இடம் மாற்றினால் கடித்தவன் பையனாகிவிடுகிறான், பெயர்ச்சொல்லில் உருபே இல்லை, இடம்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிரதிப்பெயரில் மட்டும் ஹீ, ஹிம் என்று வேறுபாடு மிஞ்சியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் நான்கு வேற்றுமைகள் இருந்தன என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

அதே பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஹிம் பற்றியது. 'அவனை' என்பதற்கும் ஹிம், 'அவனுக்கு' என்பதற்கும் ஹிம். ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் 'அவனை' என்பதற்கு ஹினே என்று தனி வடிவம் இருந்தது, ஹிம் என்பது 'அவனுக்கு' என்ற பொருளில் வந்த வடிவம், காலப்போக்கில் அதுவே ஹினே இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. இதைக் கேட்ட பிறகு 'ஐ சா ஹிம்', 'ஐ கேவ் ஹிம் எ புக்' இரண்டிலும் ஒரே சொல் வருவது உறுத்துவதில்லை. இந்த மாதிரிக் காரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கிறது.

இதற்கு அடுத்து வருவது இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லும்போது ஏற்படும் குழப்பம். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று படித்தவர்கள் எத்தனை பேர் சொல்கிறார்கள்! 'மீ அண்ட் ரவி வென்ட்' என்று சொன்னதற்காகச் சின்ன வயதில் திருத்தப்பட்டவர்கள், எங்கே 'அண்ட்' வந்தாலும் 'ஐ' போட்டால்தான் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் 'ஷீ இன்வைட்டட் ரவி அண்ட் ஐ' வருகிறது என்று காரணம் காட்டுகிறார். கண்டுபிடிக்க ஒரு வழியும் தருகிறார், ரவியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பாருங்கள் என்று. 'ஷீ இன்வைட்டட் ஐ' என்று யாருக்கும் வாயில் வராது. 'இட்ஸ் மீ' தவறா என்ற பழைய சண்டையையும் நியாயமாகத் தீர்த்து வைக்கிறார், பேச்சிலும் சாதாரண எழுத்திலும் 'இட்ஸ் மீ'தான் இயல்பு, 'இட் இஸ் ஐ' மிகவும் விறைப்பான நடை. சரியான தீர்ப்பு.

ஆனால் தமிழர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்றை ஒரே ஒரு பயிற்சியோடு கடந்துவிட்டார்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும். இதில் எல்லாம் நமக்கு 'எனக்கு', ஆங்கிலத்தில் எல்லாமே 'ஐ'. நம் நான்காம் வேற்றுமை அங்கே எழுவாயாக மாறுகிறது. வேற்றுமைக்காகவே இவ்வளவு நேரம் ஒதுக்கியவர்கள் இங்கே இன்னும் பத்து வாக்கியமாவது கொடுத்திருக்கலாம். இத்தனைக்கும் ஆங்கிலமே ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் பேசியது. பழைய ஆங்கிலத்தில் இன்றைய 'லைக்' என்பதன் மூல வினை, 'அவனுக்குப் பிடித்தது' என்கிற அமைப்பில்தான் வந்தது, பிடித்தவர் நான்காம் வேற்றுமையில் இருந்தார். பழைய நாடகங்களிலும் கவிதைகளிலும் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'மீ'யும் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதில் உள்ள 'எனக்கு'தான். இதைச் சொல்லியிருந்தால் தமிழ் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

அட்டவணை பற்றி. ஐந்து நிரல்கள்: எழுவாய், செயப்படுபொருள், பெயருக்கு முன் வரும் உடைமை, தனித்து நிற்கும் உடைமை, தற்சுட்டு. ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று போகிறது. ஐந்தும் ஐந்து வேறு வடிவங்களாக வருவது எந்த வரிசையில், எங்கே இரண்டு நிரல்கள் ஒன்றாகிவிடுகின்றன என்பதை நிறம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அதுதான் இதன் அழகு. யூ, இட் இரண்டிலும் முதல் இரண்டு நிரல்களும் ஒன்று. ஹெர் என்றால் 'அவளை'யும் அதுதான், 'அவளுடைய'வும் அதுதான், ஆனால் தனித்து நிற்கும்போது ஹெர்ஸ். ஹிஸ்ஸில் தலைகீழ், 'அவனை' என்பது ஹிம் என்று தனியாக நிற்கிறது, உடைமை நிரல்கள் இரண்டும் ஹிஸ். அதாவது ஆண்பாலில் ஒன்று சேர்ந்திருக்கும் இடத்தில் பெண்பால் பிரிந்திருக்கிறது, பெண்பால் சேர்ந்திருக்கும் இடத்தில் ஆண்பால் பிரிந்திருக்கிறது. பல வருடம் ஆங்கிலம் எழுதியவர்களுக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. 'இட்ஸ்' தனித்து நிற்கும் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பதும் கவனமான வேலை, ஏனென்றால் அப்படி யாரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

உடைமை 'இட்ஸ்'ஸுக்கு மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது, மேற்குறி போட்டால் 'இட் இஸ்' ஆகிவிடும் என்பது எல்லோரும் சொல்லிக் கொடுப்பது. இங்கே கூடுதலாக ஒரு தகவல் வருகிறது, இந்த 'இட்ஸ்' என்ற உடைமை வடிவமே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தலைகாட்டியது, அதற்கு முன் அஃறிணைக்கும் ஹிஸ்தான். 1611இல் வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் உப்பு தன் சாரத்தை இழந்தால் என்று வருகிற இடத்தில் உப்புக்கு 'ஹிஸ்' போட்டிருப்பார்கள்.

தற்சுட்டு நிரலில் உள்ள ஒழுங்கின்மையையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப் என்பதில் உடைமை வடிவத்தோடு செல்ஃப் சேர்கிறது, ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பதில் செயப்படுபொருள் வடிவத்தோடு சேர்கிறது. சில வட்டார வழக்குகளில் 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்று ஒழுங்காகவே சொல்கிறார்கள், பொது ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. அப்புறம், யூ ஒருமையா பன்மையா என்று சொல்லிலேயே தெரிகிற ஒரே இடம் இந்த நிரல்தான், யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ்.

யூ பற்றிய பாடம் மொத்தப் பயிற்சியிலும் நன்றாக அமைந்தது. நீ, நீங்கள் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு, ஒரு காலத்தில் இருந்தது என்று காட்டுகிறார். ஒருவரைச் சொல்ல 'தௌ', பலரைச் சொல்ல 'யீ'. யூ என்பது அப்போது யீயின் செயப்படுபொருள் வடிவம் மட்டுமே. பெரியவர் ஒருவரை மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவியது, நாம் 'நீங்கள்' சொல்வதைப் போலவே. மரியாதை கூடிக்கொண்டே போய் யாரையும் தௌ என்று அழைக்கத் தயங்குகிற நிலை வந்து, 17ஆம் நூற்றாண்டுக்குள் பொது வழக்கில் தௌ தேய்ந்துவிட்டது. எல்லோரும் சமம் என்ற கொள்கையால் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் யாராக இருந்தாலும் ஒருமையிலேயே அழைத்தார்கள், அதற்காக வசையும் வாங்கினார்கள். எதிரே ஒரே ஆள் நின்றாலும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருவதற்குக் காரணம் இதுதான். நம்மிடம் நீ பிழைத்துக்கொண்டது, அவர்களிடம் போய்விட்டது.

இவ்வளவு அழகாகச் சொன்னவர், அடுத்த படியை எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நான் மேலே நம்பாதீர்கள் என்று சொன்ன பாடம் 'தே' பற்றியது. 'தே எப்போதும் பன்மை, ஒருவரைக் குறித்தால் ஹீ ஆர் ஷீ என்று எழுதுங்கள்' என்று அடித்துச் சொல்கிறார்கள், 'சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா' என்று எழுதினால் பயிற்சியில் சிவப்புக் குறி விழுகிறது. இது சரியில்லை. ஆள் யார் என்று தெரியாதபோது ஒருவருக்கே தே போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில எழுத்தில் இருக்கிறது. புதுப் பழக்கம் என்று ஒதுக்க வழியே இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே இந்த 'தே'யைத்தான். ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடைவிதி வகுக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடும் அதே ஆண்டு வந்த 7ஆம் பதிப்பில் ஒருமையில் வரும் 'தே'யை ஏற்றுக்கொண்டது. தன்னை ஹீ என்றோ ஷீ என்றோ குறிப்பிட வேண்டாம், தே என்று குறிப்பிடுங்கள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு பேசும்போது இந்தப் பாடத்தை நம்பி ஹீ ஆர் ஷீ என்று எழுதினால் அவர்களைப் புண்படுத்துவோம்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், உலகத்தில் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நாம். சங்க இலக்கியத்தில் 'அவர்' என்றால் பலர், அர் என்பதே பலர்பால் விகுதி. அது மரியாதை ஒருமையாக நகர்ந்தது, ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒருவரைக் குறிக்கும் சொல்லாகவும் ஆனது, பலரைச் சொல்ல இன்னொரு விகுதி சேர்த்து 'அவர்கள்' என்று வைத்துக்கொண்டோம். ஒருவரைப் பற்றிப் பேசும்போதே 'அவர் வந்தார்' என்று பலர்பால் விகுதியோடு வினையை முடிக்கிறோம், யாருக்கும் நெருடுவதில்லை. ஆங்கிலத்திலும் ஒருவருக்கே 'தே ஆர்'. யூ நடந்த பாதையும் அவர் நடந்த பாதையும் தே நடக்கிற பாதையும் பெரும்பாலும் ஒன்றுதான், பன்மைச் சொல் ஒருமைக்கு இறங்கி வருவது. மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். இதைப் பற்றி அவர்களுக்கு எழுதினேன், மரியாதையான பதில் வந்தது, பாடம் மட்டும் நான் இதை எழுதும் வரை மாறவில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குழப்பம் வரும். நம் மரியாதைப் பன்மையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'மை ஃபாதர் செட் தே ஆர் கமிங்' என்று எழுதினால், அப்பாவோடு இன்னும் யாரோ வருகிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஹீ, ஷீ இரண்டிலும் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அப்பாவானாலும் ஜனாதிபதியானாலும் ஹீதான். இதற்குத் தனியாக ஒரு சின்னக் காணொளி வைத்திருக்கிறார்கள், ஹீ என்றால் 'அவன்' என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு கூசுகிறவர்களுக்கு அது கட்டாயம் உதவும்.

'இட்' பாடம் தெளிவு. தமிழில் 'வந்தேன்' என்றாலே போதும், கடைசியில் வரும் 'ஏன்' என்ற விகுதி ஆள் யார் என்று சொல்லிவிடும். ஆங்கில வினையில் மிஞ்சியிருப்பது படர்க்கை ஒருமைக்கு வரும் ஒரு 'ஸ்'ஸும், 'பி' வினையின் ஆம், இஸ், ஆர் வேறுபாடும்தான், அதனால் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல ஆளே இல்லாதபோதும் அந்த இடத்தைக் காலியாக விட முடியாமல் 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் லேட்' என்று எதையும் சுட்டாத ஒரு 'இட்'டை நிறுத்துகிறார்கள். எது பெய்கிறது, எது தாமதமானது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தப் பாடத்தின் பயிற்சிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

வீ பற்றி எதுவுமே இல்லை என்பது பெரிய ஏமாற்றம். தன்மைப் பன்மை என்று ஒரு வரி, அவ்வளவுதான். நாம், நாங்கள் என்று கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்லிப் பழகியவர்களுக்கு, 'வீ ஹேவ் டு ஃபினிஷ் திஸ்' என்று எழுதும்போது படிப்பவர் தன்னையும் சேர்த்துக்கொள்வாரா என்ற சந்தேகம் கட்டாயம் வரும். ஆங்கிலத்தில் 'யூ அண்ட் ஐ', 'ஆல் ஆஃப் அஸ்', 'மை டீம் அண்ட் ஐ' என்று பிரித்துச் சொல்லித்தான் சமாளிக்க வேண்டும். வேறுபாடு தெரிகிற ஒரு மூலை மட்டும் உண்டு. 'லெட்ஸ் கோ' என்றால் நாம் போகலாம், கேட்பவரும் அதில் சேர்த்தி. 'லெட் அஸ் கோ' என்பதைச் சுருக்காமல் சொன்னால் எங்களைப் போகவிடுங்கள் என்ற பொருளும் வரலாம். பழைய ஆங்கிலத்தில் நாம் இருவர், நீங்கள் இருவர் என்பதற்கு இருமைப் பிரதிப்பெயர்களே இருந்தன, 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அவை வழக்கில் இல்லை. தமிழில் பேசி ஆங்கிலம் கற்பிக்கிற ஒரு பயிற்சியில் இந்தப் பாடம் இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

தற்சுட்டுக்கு வருவோம். ஹிம்செல்ஃப் என்றால் 'தன்னை' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், 'ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்' போன்ற வாக்கியத்துக்கு அது பொருந்தும். நம் 'தான்' அதைவிடத் தூரம் போகிற சொல். 'தான் தேறிவிட்டதாக ரவி மணியிடம் சொன்னான்' என்றால் தேறியவன் ரவி, சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் 'ரவி டோல்ட் மணி தட் ஹீ ஹேட் பாஸ்டு', யார் தேறினார்கள்? இருவரில் யாராகவும் இருக்கலாம். அங்கே ஹீயை எடுத்துவிட்டு ஹிம்செல்ஃப் போடவும் முடியாது, ஏனென்றால் அது தான் சுட்டும் ஆளை அதே உள்வாக்கியத்துக்குள்தான் தேடும். பெயரைத் திரும்பச் சொல்வது, அல்லது வாக்கியத்தை மாற்றி எழுதுவது, வேறு வழியில்லை. மின்னஞ்சலில் சண்டை வருவதற்குக் காரணமான எத்தனையோ ஹீக்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவருக்குத் தெளிவாக இருக்கும், படிக்கிறவருக்கு இரண்டு ஆள் நிற்பார்கள். யாரைச் சுட்டுகிறது என்பதற்கு ஒரு முழுப் பாடமே வேண்டும், இங்கே பயிற்சித் தாளின் கடைசியில் இரண்டு கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

ஹூ, ஹூம், ஹூஸ், விச், தட் எல்லாம் போதுமானபடி இருக்கின்றன. 'நேற்று வந்த பையன்' என்று பெயரெச்சத்தால் நாம் சொல்வதை அவர்கள் ஹூ போட்டு ஒரு வாக்கியமாகவே விரிக்கிறார்கள், அப்போது 'தி பாய் ஹூ ஹீ கேம்' என்று இன்னொரு ஹீயைச் செருகக்கூடாது என்பதை நன்றாக வலியுறுத்துகிறார். ஹூம் பேச்சில் குறைந்துவிட்டது, முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் மட்டும் முறையான எழுத்தில் உறுதியாக நிற்கிறது என்ற மதிப்பீடும் நேர்மையானது. ஹூஸ்ஸை உயிரற்றவற்றுக்கும் போடலாம் என்று தைரியமாகச் சொன்னதற்குத் தனியாக ஒரு பாராட்டு.

பயிற்சிக் கேள்விகள் ஒரே ஒரு விடையைத்தான் ஏற்கின்றன, அது தொல்லை. 'என்னைவிட உயரம்' என்பதற்கு 'டாலர் தேன் மீ' எழுதினால் தவறு, 'டாலர் தேன் ஐ' எழுதினால்தான் சரி. வேற்றுமைப் பாடத்தில் 'இட்ஸ் மீ' பற்றி அவ்வளவு நிதானமாகப் பேசிய அதே ஆசிரியரின் பயிற்சியா இது என்று தோன்றுகிறது, காணொளியைத் தயாரித்தவரும் கேள்விகளை எழுதியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். குரல் தெளிவு, வேகம் அளவானது, திரையில் வாக்கியங்கள் பெரிதாக வருகின்றன, கைப்பேசியில் பார்த்தாலும் படிக்க முடிகிறது.

ஆங்கிலம் ஓரளவு எழுதத் தெரிந்து, ஆனால் ஐயா மீயா, ஹிம்மா ஹிஸ்ஸா என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறவர்களுக்கு இது பொருத்தமானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேற்றுமைப் பாடத்தையும் இட் பாடத்தையும் முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள், அவர்கள் வைத்திருக்கும் வரிசையில் ஹூ பாடம் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. தே பாடத்தின் பயிற்சியில் சிவப்புக் குறி விழுந்தால் உங்கள் விடையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.